கண்ணாடி மாற்றியும் தெரியாத முகம்

சுஷ்மிதா இரண்டாம் வகுப்பில் இருந்தபோதுதான் அம்சா அதைக் கவனித்தாள். சோறு ஊட்டுகையில் பிள்ளை அவள் முகத்தை விட்டுவிட்டு உச்சந்தலைக்கு மேலே பார்த்தது.

“இன்னாடி மேல பாக்குற?”

“இப்டி பாத்தாத்தாம்மா ஒன் மூஞ்சி தெரீது.”

அம்சா திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுபவள். மறுநாளே சவாரியை விட்டுவிட்டு மகளுக்குக் கண்ணாடி வாங்கினாள். போட்டும் எழுத்து தெரியவில்லை. கண்ணாடியை மாற்றினாள், அதற்குள் பிள்ளை கதவில் முட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. தெரிந்த பாட்டும் மறந்துபோனது.

செங்கல்பட்டில் கண் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். “கண்ணோட பின்பக்கத் திரை தேஞ்சுகிட்டே வருது. சொந்தத்துல கல்யாணமா?” என்றார். ஆமாம், கணவன் வெங்கடேசன் அத்தை மகன். கண் மருத்துவர் அவர்களை நரம்பு மருத்துவரிடம் அனுப்ப, மூவரின் ரத்தமும் சோதனைக்குப் போனது.

முடிவு வரும்வரை அம்சாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆளில்லாத வண்டியைச் சதுரங்கப்பட்டினம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

“செத்த குந்தேன், பேஜாரா கீது,” என்பான் வெங்கடேசன். அவனும் தூங்குவதில்லை.

நரம்பு மருத்துவர் மெதுவாகச் சொன்னார். பரம்பரை மூளை நோய்; முதலில் பார்வையைத்தான் பிடிக்கும். பிறகு வலிப்பு, பேச்சு, நடை. தாய், தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருந்த குறை பிள்ளையிடம் சேர்ந்துவிட்டது. குணப்படுத்த மருந்தில்லை, வலிப்பை அடக்கலாம்.

வீட்டில் அடுத்த கல்யாணம் நிச்சயமாகியிருந்தது: அம்சாவின் தங்கை ரேணுகாவுக்கும் வெங்கடேசனின் தம்பி கலையரசனுக்கும். அம்சா நேரே மாமியார் ஞானம்பாளிடம் போனாள்.

“ரெண்டு பேரும் ரத்தம் குடுக்கட்டும் அத்த. அப்பால பேசலாம்.”

“மண்டபம் புடிச்சாச்சுடி! நல்ல காரியத்துல இன்னா பேச்சு இது?”

“நான் படறது போதும். அவளும் படணுமா?”

ரேணுகா அழுதாள், அக்காவைத் திட்டினாள், ஆனாலும் ரத்தம் கொடுத்தாள். கலையரசனும் கொடுத்தான். இருவரிடமும் அதே குறை இருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று ரேணுகாவே சொல்லிவிட்டாள். அத்தை அம்சாவிடம் பேசுவதை நிறுத்தினாள்.

சுஷ்மிதாவுக்கு இப்போது பார்வை அறவே இல்லை. மாத்திரையில் வலிப்பு குறைந்திருக்கிறது. அம்சா சவாரிக்குப் போகும் பகல்களில் ரேணுகா வந்து பிள்ளைக்குத் தலைவாரி, பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறாள். பாதி வரி வரை சுஷ்மிதாவும் கூடவே பாடுகிறாள்.