“விளங்கும்” என்று நான் எழுதிய பதில்

எங்கள் விமானத்தின் கடைசி வரிசை ஆசனங்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கோட்டுகளைத் தொங்கவிடும் அலுமாரி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். பயணிகள்மேல் உள்ள கரிசனையால் என்று யாரும் நினைக்கவேண்டாம். தாய்க் கொம்பனியின் விமானிகள் சங்கம் போட்டிருந்த ஒப்பந்தப்படி, குறிப்பிட்ட ஆசனங்களுக்கு மேற்பட்ட ஜெட்டுகளை அவர்கள்தான் ஓட்டலாம். துணைக் கொம்பனிக்காரரான எங்களுக்கு அதற்குக் குறைந்தவை. ஆகவே ஆசனத்தைக் கழற்றினால் விமானம் சின்னதாகிவிடும், எங்கள் சம்பளமும் சின்னதாகவே இருக்கும். கலியாண வீடுகளில் “பெரிய பிளேனோ சின்னப் பிளேனோ ஓடுறீர்?” என்று கேட்பவர்களிடம் “அலுமாரி வைச்ச பிளேன்” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவேன்.

ஒரு குளிர்காலத்தில், எங்கள் விமானங்களை வேறு நாட்டுக்கு மாற்றப்போவதாகக் கொம்பனி சொன்னது. இரண்டு சங்கங்களும் சேர்ந்து, எல்லா விமானிகளையும் ஒரே மூப்புப் பட்டியலில் கொண்டுவந்தால், எங்களை மட்டும் பிரித்தெடுக்க முடியாதபடி அதைத் தடுக்கலாம். யாருக்கு எந்த விமானம், எந்த ஊர் என்பதை அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கும். தாய்க் கொம்பனி விமானிகளோ எங்களைப் பட்டியலின் அடியில் ஒட்டப் பார்த்தார்கள். பதினொரு வருடம் பறந்த நான், நேற்று வந்தவருக்குக் கீழே. அடியில் கிடப்பவருக்கு ஒஸ்லோ கிடைக்காது. மகள் ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் பள்ளிக்கூடம் போகிறாள், கணவருக்கும் வேலை இங்கேதான். நான் மட்டும் வேறொரு ஊரில் அறை எடுத்து இருக்கவேண்டும்.

பேச்சுவார்த்தையில் எங்கள் பக்கத்தில் நானும் ஒருத்தி. அவர்கள் பக்கத்தில் மதுரைக்காரர் ஒருவர் இருந்தார். மேசையில் நொர்வேஜிய மொழி, கோப்பி குடிக்கும்போது தமிழ். எதிர்ச் சங்கத்தில் எனக்குப் பிடித்த ஒரே மனிதர் அவர்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து செய்தி வந்தது. “சேர்ந்த தேதிப்படி பட்டியல் போடலாம்னு சொல்லப்போறேன். பெரிய விமானத்துல கேப்டன் ஆக மட்டும் உங்க ஆளுங்க மூணு வருஷம் பொறுக்கணும். ஒத்துக்குவாங்களா?”

அப்போது ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று வருடம் கசப்புத்தான், ஆனால் நியாயம். எடுத்துச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குப் புரியும். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மற்றக் கையால் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பினேன்: “விளங்கும்.”

அடுத்த கூட்டத்தில் அவர் வாயே திறக்கவில்லை. என் பக்கம் திரும்பவுமில்லை. அவர்களுடைய தலைவர் பழைய பல்லவியையே பாடினார்: அடியில்தான். ஆசை காட்டி மோசம் செய்துவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடைவேளையில் கோப்பி இயந்திரத்தடியில் அவரை மறித்தேன். கோபம் வந்தால் எனக்கு நொர்வேஜிய மொழிதான் வரும். உங்கள் யோசனை எங்கே போனது என்று அந்த மொழியிலேயே கேட்டேன்.

அவர் போனை நீட்டித் தமிழில் சொன்னார். “நீங்கதானே நக்கலடிச்சீங்க, வெளங்கும்னு.”

“ஓம், எங்கட ஆக்களுக்கு விளங்கும் எண்டு எழுதினனான். அதில என்ன நக்கல்?”

அவர் போனை இறக்கினார். “ஒரு காரியம் உருப்படாதுன்னாதான் எங்க ஊர்ல ‘வெளங்கும்’பாங்க.”

“நாங்கள் புரியிறதைத்தான் விளங்கிறது எண்டு சொல்லுறது.”

அவர் சிரித்த சிரிப்பில் கோப்பி தரையில் கொட்டியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை குடும்பங்களின் பிழைப்பை ஒரு சொல்லால் கெடுக்கப் பார்த்தேனே.

“இப்ப சொல்ல ஏலுமோ?” என்றேன்.

“ஏலுமோன்னா?”

“முடியுமா?”

“முடியும்” என்று உள்ளே போனார்.

அன்று அவர்கள் பக்கத்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள்ளேயே சண்டை பிடித்தார்கள். கதவுக்கு வெளியேயும் சத்தம் கேட்டது. கடைசியில் யோசனை மேசைக்கு வந்தது. சில வாரங்களில் இரண்டு சங்கங்களும் வாக்கெடுப்பு நடத்தின. இரண்டிலும் யோசனை மயிரிழையில் வென்றது.

பட்டியல் ஒரு காலைநேரம் வந்தது. குசினியில் நின்றபடியே திறந்தேன். என் பெயருக்கு எதிரே ஒஸ்லோ என்றிருந்தது. அழுதேன், அதை ஒளிக்க என்ன இருக்கிறது. பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள், “அம்மா, போகத் தேவையில்லையோ?” என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

பிறகுதான் எனக்குக் கீழே இருந்த பெயரைப் பார்த்தேன். மதுரைக்காரர். அவர் அந்தக் கொம்பனியில் சேர்ந்தது, நான் இங்கே சேர்ந்து ஒரு மாதத்துக்குப் பிறகு. எங்களை அடியில் ஒட்டியிருந்தால் அவர் எங்கள் எல்லோருக்கும் மேலே இருந்திருப்பார். உடனே அவருக்குப் போன் எடுத்தேன்.

“நீங்கள் கீழ போவீங்கள் எண்டு தெரியாதோ?”

“தெரியாமலா எழுதினேன்?” என்றார். “அதனாலதாங்க அன்னைக்கு அவ்வளவு கோபம் வந்துச்சு.”