சேகர் வீட்டுக் கணினி

சம்பளமில்லாமல் மென்பொருளைத் தமிழாக்கும் நம்மைப் போன்ற பைத்தியங்களுக்குத் தெரியும், மொழிபெயர்ப்பது பாதி வேலைதான்; திரையில் அது எப்படி வருகிறது என்று சோதிப்பது மீதி. என் கூட்டாளி சேகர், பாவி, ஒரு காய்ச்சலில் போய்விட்டான். அந்த மீதி முழுக்க என் தலையில் விழுந்தது. கெடுவுக்குள் முடிக்காவிட்டால் புதுப் பதிப்பில் தமிழே இருக்காது. புதுசைத் தாங்கும் கணினியோ பிள்ளையார்பாளையத்தில் அவன் வீட்டில்தான் இருந்தது.

சிடியிலிருந்து

முதல் வழி, புதுப் பதிப்பைச் சிடியிலிருந்தே ஓட்டிப் பார்ப்பது. கணினிக்குள் இருக்கும் வன்தட்டைத் தொடவே தொடாது. சேகர் வரைந்த புடவை பார்டர்கள் எல்லாம் அந்த வன்தட்டில் இருந்ததால் அவன் மனைவி தேவகி பக்கத்திலேயே காவல் நின்றாள். திரை முழுக்கத் தமிழ் வந்தது, அவனும் நானும் சண்டை போட்டுப் போட்டு முடிவு செய்த சொற்கள். சிடியை எடுத்துவிட்டுக் கணினியை மறுபடி கிளப்பினால் பழைய திரை, ஒரு தடயமும் இல்லை.

"அப்ப இவ்ளோ நேரம் இங்க வந்துட்டுப் போனது யாருண்ணா?" என்றாள் தேவகி.

தனிக் கணக்கு

சிடி ஆமை வேகம். அதனால் சோதனைப் பதிப்பைத் தனியாக நிறுவி, எனக்கென்று தனிக் கணக்கும் திறந்தேன். சேகருடையது பத்திரமாக இருக்கும். நுழைவுத் திரையில் மேலே அவன் பெயர், கீழே என் பெயர். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க மவுஸிலிருந்து கையை எடுத்தேன். அம்புக்குறி தானாக ஊர்ந்து போய் அவன் பெயரில் நின்றது. ஐயோ, நாற்காலியோடு பின்னால் தள்ளிப் போய்விட்டேன்!

பக்கத்து வீட்டுத் தறி அடிக்கிற அதிர்வில் மேசை ஆடி, மவுஸ் நகர்கிறது என்று பிறகுதான் உறைத்தது. தேவகிக்கு விளக்கினேன்.

"தறி எப்பவும்தான் அடிச்சிக்கினு இருக்குது. இன்னிக்கி மட்டும் ஏன் அவர் பேருக்குப் போவுது?"

கடைசி நாள்

மூன்றாவது வழி, சாதாரண ஆள் மாதிரி உட்கார்ந்து வேலை பார்ப்பது. ஒரு பெரிய கோப்பை நகலெடுத்தேன். கணினி திணறியது. திரை நடுவில் ஒரு பெட்டி வந்தது, அதில் தமிழில் ஒரு வரி.

"தேவகி, கொஞ்சம் இரு, வந்துட்றேன்."

பின்னால் நின்ற அவளும் படித்துவிட்டாள்.

பேயுமில்லை, பிசாசுமில்லை. எந்த வரி திரையில் எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க, ஏதாவது வீட்டுப் பேச்சை அதில் எழுதிப் பார்ப்போம், அப்புறம் மாற்றிவிடுவோம். இதை மாற்றுவதற்குள் சேகர் போய்விட்டான். அப்படியே அனுப்பினால் தமிழில் கணினி பார்க்கிற அத்தனை பேர் வீட்டிலும் அவன் தேவகியைக் கூப்பிடுவான். 'காத்திருக்கவும்' என்று திருத்தி அன்றைக்கே அனுப்பியாக வேண்டும். எனக்கு விரல் வரவில்லை, அழுகைதான் வந்தது. விஷயத்தை அவளிடமே சொன்னேன்.

"ஊருக்கு மாத்தி அனுப்புங்கண்ணா. இங்க மட்டும் மாத்தாதீங்க. காத்துக்கினு இருக்கப்போறது நான்தானே?"

பிழை தேடியே பொழுதைத் தொலைக்கும் சகபாடிகளே, நான் தெரிந்தே விட்டுவைத்த பிழை அது ஒன்றுதான், இன்றுவரை அதன்மேல் புகார் வரவில்லை.