மஸ்கட் குடிலில் முளைத்த நெல்

சவரிமுத்து அத்தான் விஷயம் எனக்கு முன்கூட்டியே தெரியும். சந்தேகமிருந்தால் என் மனைவியைக் கேட்டுப்பாருங்கள். அன்று விடிந்ததிலிருந்து இடது கண் துடித்துக்கொண்டிருந்தது. "மஸ்கட்லேருந்து போன் வரும் பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் எங்கள் ரைஸ் மில்லுக்குப் போனேன். களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. மேற்கே மழை கறுத்தது. நெல்லை வாரிக் குவிக்கும்போது போன் அடித்தது. ஸ்டெல்லா அக்கா. வெறும் மூச்சுதான் கேட்டது.

"அத்தானா?" என்றேன்.

"சாப்பிட்டுட்டுப் படுத்தாருடா. எழுப்புறேன், எழுந்திரிக்கல."

களத்து நெல் நனைந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நம் கோயிலின் இந்தப் பங்கு மடலைப் படிக்கிற உங்களுக்கெல்லாம் அத்தானைத் தெரியும். ஏ.சி. மெக்கானிக்காக மஸ்கட் போனவர், அங்கேயே குடும்பத்தை வைத்துக்கொண்டார். அவரைப் போகச் சொன்னதே நான்தான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்றாலும் உலக விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. "ஊரான் வீட்டையெல்லாம் குளுர வெச்சுட்டு நான் வேர்த்துக்கிட்டே திரியறேன் மாப்ள" என்பார் அத்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு விசா எடுத்து என்னை அழைத்தார். கேட்டது ஒன்றே ஒன்று: "நம்ம வயல் நெல்லு கொஞ்சம் கொண்டா மாப்ள." நம் பக்கம் குடில் ஜோடிக்கும்போது தட்டில் நெல்லை முளைக்கவிட்டு, மாட்டுக்கொட்டிலைச் சுற்றி வயல்போல வைப்போமில்லையா, அதை மஸ்கட்டில் பிறந்த மகள் ஜென்சிக்குக் காட்ட வேண்டுமாம். கொண்டுபோனேன். அங்கே விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதைக் கையில் அள்ளிப் பார்த்து, இப்படியொரு மணியைக் கண்டதில்லை என்று அரபியில் வியந்தார். எனக்கு அரபி தெரியாது. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.

நெல்லை ஊறவைத்துத் தட்டில் பரப்பினோம். அந்த வாரம்தான் தமிழ்க் குடும்பங்கள் வீடு வீடாகப் பாடிப் போனார்கள். அத்தான்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. டிசம்பரிலும் சட்டை ஒட்டிக்கொள்கிற ஊர். அதில் சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி வேறு. பாட்டுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தார். பிள்ளைகள் நடிப்பென்று கைதட்டினார்கள். தாடியை விலக்கினேன், உதடு வெளுத்திருந்தது.

அடைப்பு இருக்கிறது, தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார் டாக்டர்.

"பண்ணிக்கலாங்க. எனக்கு பயமா இருக்கு" என்றாள் அக்கா.

"ஊருக்குப் போய் பாத்துக்கலாம்."

"எப்ப? போன வருஷமும் இதேதான சொன்னீங்க?"

அத்தான் தட்டைக் காட்டினார். "மாப்ள நெல்லு முளைக்கட்டும், நான் ஆபரேஷனுக்குப் படுக்கறேன். அது இம்புட்டு தூரம் வந்து பொழைச்சா, நானும் பொழைப்பேன்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "முளைக்குமாடா?"

"நம்ம நெல்லுக்கா? பாறையில போட்டாலும் முளைக்கும்" என்றேன்.

முளைக்கவில்லை. அக்கா காலையில் எழுந்ததும் ஈரத்துணியைத் தூக்கிப் பார்ப்பாள். ஜென்சி செல்போன் வெளிச்சத்தை அடித்துத் தேடுவாள். நெல் புளித்த வாடைதான் வந்தது. "நெல்லுக்கு விசா கிடைக்கல போல" என்று அத்தான் சிரிப்பார். சிரிக்கும்போதே கை நெஞ்சுக்குப் போகும். அக்கா ஜெபமாலையைக் கீழே வைக்கவேயில்லை. அந்த வீட்டில் எல்லாரும் என் வாய்ச்சொல்லை நம்பியல்லவா துணியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் காலை ஜென்சி கத்தினாள். "மாமா! வெள்ள வெள்ளயா எட்டிப் பாக்குது!" கிறிஸ்துமஸ் நெருங்கும்போது தட்டு பச்சையாகிவிட்டது. ஜென்சி அதில் ஆட்டுக்குட்டி பொம்மைகளை மேயவிட்டாள். அத்தான் ஒரு நாற்றைக் கிள்ளி வெகுநேரம் பார்த்தார்.

"மாப்ள, நம்ம நெல்லு இம்புட்டுக் குட்டையா வராதே."

"ஏ.சி. குளுரு அத்தான். உங்களுக்குத் தெரியாததா?"

என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரி, முளைச்சது முளைச்சதுதான். பண்டிகை முடியட்டும், படுக்கறேன்" என்றார்.

படுத்தார். ஆஸ்பத்திரி நடையில் அக்காவுக்கு நான்தான் தைரியம் சொன்னேன். "முளைச்சதப் பாத்தல்ல? அப்புறம் என்ன?" என்றேன். சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். ஆபரேஷனில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் இன்று இதை எழுதக் கை வந்திருக்காது.

பிழைத்தார். ஜென்சியைக் கல்லூரியில் சேர்த்தார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு எல்லாருமாக ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள். அவர் முந்திக்கொண்டு பெட்டியில் வந்தார். கல்லறைக்கு நீங்களெல்லாம் மழையில் நனைந்துகொண்டு வந்தீர்கள். நன்றி.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தச் சிரிப்பு. "சரி, முளைச்சது முளைச்சதுதான்" என்றபோது சிரித்தாரே, அது. அதற்கு என்ன அர்த்தமென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

நேற்று ஜென்சி மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த அதே தட்டை எடுத்து நீட்டினாள். "மாமா, நம்ம வயல் நெல்லு குடுங்க. அப்பாவக் காப்பாத்துன நெல்லு." கையை நீட்ட முடியவில்லை. அதனால் அவளுக்கும் அக்காவுக்கும் உங்களுக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் மூட்டை மாறி நான் கொண்டுபோனது அவித்த நெல். அவித்த நெல் எந்த நாட்டிலும் முளைக்காது. குடிலில் முளைத்தது, அவர்கள் ஸ்கேன் எடுக்கப் போயிருந்த நேரத்தில் மஸ்கட்டில் ஒரு புறாத்தீனிக் கடையில் நான் வாங்கி, என் அறைக் குளியலறை வாளியில் ஒளித்து முளைகட்டி, ஓர் இரவில் தட்டில் மாற்றி வைத்தது. அது எந்த ஊர் நெல் என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியாது.