முட்டிக்குள் தெரிந்த மீன் வால்

அறுபதுகளின் தொடக்கம். உருத்திரபுரத்துக்கு அடுத்திருந்த ஒரு குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் நியமனம். ஆசிரிய கலாசாலையை விட்டு வெளியே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தென்னோலைக் கிடுகால் வேய்ந்த நீளக் கொட்டகை, இடுப்பளவு மண்சுவர், தலைமை ஆசிரியரோடு சேர்த்து நாங்கள் இரண்டே பேர். எனக்குத் தந்தது இரண்டாம் வகுப்பு. இப்போது எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்தக் கதையை என் மனைவிக்கும் சொன்னதில்லை. என் பக்கம் பிழை என்பதால்தான் சொல்லவில்லை.

பள்ளிக்கூட அலுமாரியில் ஒரு படக்கதைப் புத்தகம் இருந்தது. ஒரு கமக்காரனும் அவனுடைய சின்ன மகனும் நெல் விளைவிக்கும் கதை. நான் போய்ச் சேர முன்னரே கறையான் அதைப் பாதி தின்றுவிட்டது. படங்களுக்குக் கீழே இருந்த எழுத்தும் பக்க இலக்கங்களும் போய்விட்டன. ஆறு படங்கள் மட்டும் தப்பியிருந்தன. அவற்றை வெட்டியெடுத்து, கஞ்சிப் பசையால் மட்டையில் ஒட்டினேன். கலைத்துக் கொடுத்துக் கதையின் ஒழுங்கில் அடுக்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு யோசிக்கும் பழக்கம் வரும் என்று கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். சரியான ஒழுங்கு எனக்கு மறந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு மட்டையின் பின்பக்கத்திலும் மையால் ஒன்று முதல் ஆறு வரை இலக்கம் போட்டேன்.

என் ஒழுங்கு இதுதான். முதலில் எருமைகளைக் கட்டி உழுகிறார்கள். அடுத்து கமக்காரன் விதைக்கிறான். மூன்றாவது, அவன் மண்வெட்டியால் வரம்பை வெட்டித் தண்ணீர் விடுகிறான், பாயும் தண்ணீரில் மகன் ஓலைக் கடகத்தால் மீன் பிடிக்கிறான். பிறகு பச்சைப் பயிர், அறுவடை, கடைசியில் தகப்பனும் மகனும் சோறு தின்கிறார்கள்.

நான் வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரரின் மகன். எங்களுக்கு வெங்காயமும் புகையிலையும்தான் தெரியும். முதலில் நடுவோம், பிறகு வாய்க்காலை வெட்டிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுவோம். இலக்கம் போடும்போது எனக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை.

வகுப்பில் முப்பது பிள்ளைகள். ஒருத்தியைத் தவிர எல்லாரும் என் ஒழுங்கிலேயே அடுக்கினார்கள். நான் நன்றாகப் படிப்பிக்கிறேன் என்று எனக்குப் பெருமை. அவர்கள் மட்டையைத் திருப்பி இலக்கத்தைப் பார்த்துத்தான் அடுக்குகிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஒருத்தி மட்டும் பின்பக்கம் பார்ப்பதில்லை. கடைசி வாங்கில் இருக்கும் ஏழு வயதுச் சிறுமி. அவள் ஒவ்வொரு முறையும் வரம்பு வெட்டும் படத்தை முன்னுக்கும், விதைக்கும் படத்தை அதற்குப் பின்னுக்கும் வைத்தாள்.

முதல் நாள் திருத்தினேன். இரண்டாம் நாளும் திருத்தினேன். மூன்றாம் நாளும் அவள் அப்படியே வைத்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எத்தினை தரம் சொல்லுறது? இது மூண்டாவது, இது ரண்டாவது!"

"இல்லை சேர், மீன் பிடிச்சாப்பிறகுதான்…"

"மீனும் கீனும்! எதிர்க்கதை கதைக்கிறியோ? நீட்டு கையை!"

கோடு கீறும் அடிமட்டத்தால் வலது கையில் நாலு அடி போட்டேன். அவள் அழவில்லை. அழாததையும் நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

அதோடும் விடவில்லை. அவளுடைய தகப்பனைக் கூப்பிட்டு, "உங்கடை பிள்ளைக்கு விளக்கம் குறைவு, பாலர் வகுப்புக்கு இறக்கப் போறன்" என்று சொன்னேன். அவர் சேறு காய்ந்த காலோடு வாசலில் நின்று கேட்டார். பிறகு சொன்னார்.

"மண்டையிலை ஏறாட்டி விடுங்கோ வாத்தியார். தாய்க்குக் கைக்குழந்தை. வயலிலை குருவி கலைக்கவும் ஆள் வேணும். நான் மறிச்சுப்போடுறன்."

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு பிள்ளையின் படிப்பை என் வாயால் முடித்துவிட்டேன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. வரும் புதன்கிழமை பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் வித்தியாதரிசி வருகிறார் என்று செய்தி வந்திருந்தது. அவர் எழுதும் அறிக்கையில்தான் என் நியமனம் நிரந்தரமாகும். குழப்படி இல்லாத வகுப்பு கிடைத்ததே என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை தபாற்கந்தோருக்குச் சைக்கிளில் போனேன். சிறுபோக விதைப்புக் காலம், குளத்தில் தண்ணீர் திறந்திருந்தார்கள். வாய்க்கால் கரையால் போகும்போது அந்தத் தகப்பன் வயலில் நின்று கூப்பிட்டார்.

"வாங்கோ வாத்தியார்! செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ, வரம்பு வழுக்கும்."

உழுது பலகையால் மட்டப்படுத்திய வயல். சேற்றின் மேல் சாண் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. என்னோடு கதைத்துக்கொண்டே அவர் வரம்பை மண்வெட்டியால் வெட்டினார். வரம்பில் இப்படி வெட்டும் வாயை அங்கே வக்கடை என்பார்கள். வக்கடை திறந்ததும் வயல் தண்ணீர் குபுகுபு என்று கீழே இருந்த வடிகானுக்குள் இறங்கியது. கானுக்குள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, கடகத்தைத் தண்ணீருக்கு நேரே பிடித்தபடி அந்தச் சிறுமி. கடகத்துக்குள் விரால் குஞ்சுகள் துள்ளின. என்னைக் கண்டதும் அவள் கடகத்திலிருந்து வலது கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்தது. வரம்பில் சாக்குக்குள் முளை கட்டிய நெல் ஆயத்தமாக இருந்தது. 

"விதைச்சுப்போட்டெல்லோ தண்ணி விடுறது?" என்று கேட்டேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "நீங்கள் வெங்காயமெண்டு நினைச்சியளாக்கும்! தண்ணிக்குள்ளை எறிஞ்சா முளை அழுகிப்போம் வாத்தியார். வடிய விட்டுப்போட்டுச் சேத்திலைதான் விதைக்கிறது. முளை பிடிச்சாப்பிறகுதான் திரும்பத் தண்ணி கட்டுறது. பாவம், தோட்டக்காரருக்கு எப்பிடித் தெரியும்?"

நான் ஏன் கேட்டேன் என்று அவருக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியும். அவள் என்னைப் பார்க்கவில்லை, மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு மண் முட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அந்த முட்டியைக் கொண்டுவந்து வரம்பில் வைத்தாள். தகப்பன் நெல்லை அள்ளி எறியத் தொடங்கினார்.

தபாற்கந்தோருக்குப் போகவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் அலுமாரியைத் திறந்து, விதைக்கும் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூலையில், வரம்பின் மேல் ஒரு சின்ன முட்டி. அதன் வாயில் ஒரு மீன் வால் நீட்டிக்கொண்டிருந்தது. மீன் பிடித்து முடிந்த பிறகுதான் விதைப்பு. படம் வரைந்தவர் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும் என்றே அதை வைத்திருக்கிறார். எத்தனையோ தரம் கையில் எடுத்த படம். நான் அந்த வாலைக் கண்டதே இல்லை.

பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். ஆனால் தகப்பன் கதிரையைத் துடைத்துவிட்டு "இருங்கோ வாத்தியார்" என்றதும் என் வாயில் வேறு கதை வந்தது. "இன்னுமொருக்காப் பாப்பம், திங்கட்கிழமை அனுப்புங்கோ. இரண்டாம் வகுப்பிலேயே இருக்கட்டும்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்கடை பெரிய மனசு" என்றார். தாய் குசினியிலிருந்து வந்து, நாலு விரால் மீனை ஓலையில் சுற்றித் தந்தார். மகள் பிடித்த மீன். கூச்சமில்லாமல் அதை வாங்கிக்கொண்டுபோய்ச் சமைத்துத் தின்றேன்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். மட்டைகளில் இலக்கத்தை மாற்ற எனக்கு இரண்டு நாள் இருந்தது. மாற்றவில்லை. மாற்றினால் வகுப்புக்கு முன்னால் என் பிழையைச் சொல்ல வேண்டும். வித்தியாதரிசி வந்துபோகட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை அவர் வந்தார். வெள்ளைக் காற்சட்டை, மூக்குக் கண்ணாடி, குறைந்த பேச்சு. மேசையில் இருந்த படங்களைக் கண்டதும் தானே எடுத்துக் கலைத்தார். கடைசி வாங்கைப் பார்த்து, "பிள்ளை, நீர் வாரும்" என்றார். அவளைத்தான்.

அவள் வந்து மட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். எந்த ஒழுங்கில் வைக்க என்று கேட்கும் பார்வை. நான் அரைச்சுவருக்கு வெளியே பார்த்தேன்.

அவள் தன் ஒழுங்கில் அடுக்கினாள். உழவு, வரம்பு வெட்டுதல், விதைப்பு. கதையையும் சொன்னாள். "இஞ்சை பாருங்கோ சேர், முட்டிக்குள்ளை மீன் கிடக்கு, வால் தெரியுது" என்று விரலால் தொட்டுக் காட்டினாள். வித்தியாதரிசி கண்ணாடியை ஏற்றிக் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் அவர் மட்டைகளைச் சேர்த்தெடுத்துத் திருப்பினார்.

"என்ன மாஸ்டர், இலக்கம் வேறை மாதிரியெல்லோ கிடக்கு? ஆர் போட்டது?"

கேள்வி என்னிடம்தான். பதில் அவளிடமிருந்து வந்தது.

"சேர்தான் போட்டவர். வேணுமெண்டுதான் பிழையாப் போட்டவர். பின்னாலை பாத்து அடுக்கிறவையைப் பிடிக்க."

வித்தியாதரிசி வாய்விட்டுச் சிரித்தார். "அட, நல்ல பொறி மாஸ்டர்!" என்று என் தோளில் தட்டினார். பின்பக்கம் பார்த்து அடுக்கிய இருபத்தொன்பது பேரும், தாங்கள்தான் பிடிபட்டுவிட்டோம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் தன் குறிப்பில் என் முறையைப் பாராட்டி எழுதினார். நான் "நன்றி சேர்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவளை மறித்தேன். மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். வலது கை மறுபடியும் முதுகுக்குப் பின்னால்.

"பிள்ளை, நீ வைச்சதுதான் சரி. பிழை என்னிலைதான்."

"ஓம் சேர். எனக்குத் தெரியும்."

"பிறகேன் அவரிட்டை அப்பிடிச் சொன்னனீ?"

"அவரும் உங்கடை கையிலை அடிச்சுப்போடுவாரெண்டு" என்றாள்.

கையைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். தயங்கித் தயங்கி நீட்டினாள். அடையாளம் ஒன்றும் இல்லை, சேறு படிந்த சின்ன ரேகைகள் மட்டும்தான். அடையாளம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடி பட்ட இடத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் கை என்னைக் கண்டால் மறைகிறது.

அடுத்த நாள் வகுப்புக்கு முன்னால் இலக்கங்களை வெட்டி மாற்றி எழுதினேன். நான் பிழை விட்டேன், இவள்தான் சரி என்று எல்லாருக்கும் சொன்னேன். பிள்ளைகள் நம்பவில்லை. இதுவும் ஏதோ பொறி என்று நினைத்தார்கள்! வித்தியாதரிசிக்கு மட்டும் கடைசி வரை நான் எழுதவில்லை. தகப்பனுக்கும் சொல்லவில்லை. வழியில் கண்டால் அவர் சைக்கிளை விட்டிறங்கி நின்று கதைப்பார், என் பெரிய மனசைப் பற்றி. இந்த இரண்டும் இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கின்றன.

என் நியமனம் நிரந்தரமானது. வவுனியாவுக்கு மாற்றலாகிப் போகும்போது அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள், கணக்கில் என்னையே மடக்குவாள். கை மறைக்கும் பழக்கம் எப்போதோ விட்டுப் போயிருந்தது. அதைத்தான் நான் பெற்ற மிகப் பெரிய மன்னிப்பாக நினைக்கிறேன். பிறகு அவளைக் காணவில்லை. எங்கேயாவது சுகமாக இருப்பாள் என்று நம்புகிறேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் படிப்பித்தேன். ஒரு பிள்ளை பிழையாக எழுதினால் "ஏன் அப்பிடி வைச்சனீ?" என்று முதலில் கேட்பேன். பாதிக்கு மேற்பட்ட தடவைகள் அந்தப் பிள்ளையிடம் ஒரு காரணம் இருந்தது. சில தடவைகள் அது என்னுடையதைவிட நல்ல காரணமாகவும் இருந்தது. முதலில் அடித்து, பிறகு பார்த்து, கடைசியில் கேட்ட எனக்கு, கேட்பதுதான் முதலாவது படம் என்று அடுக்கிக் காட்டிய அந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.