தறிக்குப் பார்த்த வைத்தியம்

கமலவேணிக்கு வயிற்று வலி வந்தபோது எங்கள் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் வைத்தியம் அவளுக்கு நடக்கவில்லை, அவள் வீட்டுத் தறிக்கு நடந்தது. எழுபத்தொன்றாம் வருஷத்துக் கூத்து இது. எதிர்வீட்டிலிருந்து பார்த்தவன் நான். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் கணவன் உமாபதி நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்குக் குறுக்கு இழை ஓட்டுகிற நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் கமலவேணி. மாதவிலக்கு நாட்களில் அவள் தறியைத் தொடக்கூடாது. கொல்லையில் சுருண்டு கிடந்து முந்தானையைக் கடித்துக்கொண்டு துடிப்பாள். அதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. பிறகு மற்ற நாட்களிலும் வலி வந்தது. பாதி வேலையில் அவள் கை நின்றது, இழை அறுந்தது. உமாபதிக்கு அப்போதுதான் கவலை பிடித்தது.

"தறிக்கு இன்னாமோ ஆயிப்போச்சுபா" என்றான் என்னிடம்.

தறிக்குழி வெட்டுகிற பரமசிவம் வந்து குழிக்குள் இறங்கி, மண்ணை மோந்து பார்த்து, தறி திசை மாறி உட்கார்ந்திருக்கிறது என்றார். தறியைக் கிழக்கே திருப்பினார்கள். அதன்பின் வாசல் கதவு முழுசாகத் திறக்கவில்லை. வீட்டுக்குள் எல்லோரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நுழைந்தோம். தோண்டிய மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டியவள் கமலவேணி.

அடுத்து, நாடாவை மஞ்சள் துணியில் சுற்றி, நோய் தீர்க்கும் என்று பேர்பெற்ற மாகறல் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். பஸ்ஸில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. நாடாவை மடியில் வைத்துக்கொண்டு உமாபதி உட்கார்ந்தான். கமலவேணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாடாவுக்குப் பூசியது போக மிஞ்சிய விபூதியை அவள் யாருக்கும் தெரியாமல் அடிவயிற்றில் தடவிக்கொண்டாளாம். என் மனைவி பூவம்மாளிடம் பிறகு சொன்னாள்.

மறுநாளே மயங்கித் தறிக்குழிக்குள் சரிந்தாள். "ஐயோ, பாவு!" என்று தறியில் பூட்டிய நெடுக்கு நூலைப் பார்த்து உமாபதி அலறினான். பூவம்மாள் அவனைத் தள்ளிவிட்டு, அவளை ஜட்காவில் ஏற்றி, சின்ன காஞ்சிபுரத்தில் லில்லி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள். நானும் உமாபதியும் ஒரே சைக்கிளில் பின்னாலேயே போனோம்.

"எவ்ளோ நாளா இருக்குது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆடியிலேர்ந்து தறி சரியில்லீங்கம்மா" என்றான் உமாபதி.

"தறிய யாருய்யா கேட்டாங்க?"

"வயசுக்கு வந்ததிலேர்ந்தும்மா" என்றாள் கமலவேணி.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே போய்ச் சினைப்பையில் ஒட்டிக்கொண்டு, மாதாமாதம் அங்கேயும் ரத்தம் விடுகிறது. கிருமி வந்தால் எதிர்த்து நிற்கிற சக்தி உடம்பில் இருக்கிறதே, அது இதையும் துடைத்தெடுத்திருக்க வேண்டும். "ஏன் எடுக்கலன்னு எங்களுக்கே இன்னும் சரியா தெரியல. அரைகுறையா சண்டை போட்டு, அந்த இடத்தையே புண்ணாக்கி வச்சிருக்குதுன்னு நான் நினைக்கிறேன். இப்ப கட்டி இருக்குது. புத்துநோயா மாறுதோன்னு பயமா இருக்குது. உடனே மெட்ராஸ் போயி ஆபரேஷன் பண்ணணும்."

"அப்ப தறியில கோளாறு இல்லியாம்மா?" என்றான் உமாபதி. அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! "முகூர்த்தச் சேலை பாதியில நிக்குது. முடிச்சிட்டு இட்டுக்கினு போறேன்."

"அதுக்குள்ள இவ இருக்கமாட்டாய்யா."

உமாபதி வாயைத் திறந்தான். "கோர்வைக்கு யாரு..." என்றவன் அப்படியே உட்கார்ந்து, பச்சைப்பிள்ளை போல அழுதான்.

"நான் போறேன்மா" என்றாள் கமலவேணி. அவனைக் கேட்கவில்லை.

மெட்ராஸில் சினைப்பை ஒன்றோடு கட்டியை எடுத்தார்கள். அதன் ஓரத்தில் புற்று அரும்பியிருந்ததாம், பரவவில்லை. உமாபதி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தான்.

வீடு திரும்பி அடுத்த விலக்கு வந்த காலையில், கொல்லையிலிருந்து கமலவேணி பதறிக் கூப்பிட்டாள். நாங்கள் எல்லோரும் ஓடினோம்.

"இன்னாங்க, டாக்டரம்மாகிட்ட ஓடுங்க. எனக்கு இன்னாமோ ஆயிப்போச்சு. வலியே காணோம்!"

உமாபதி, விலக்கென்று தள்ளி உட்காராமல் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, "இத்தினி வருசமா எப்படி வலிச்சிதுமா?" என்று முதல்தடவையாகக் கேட்டான்.