டிபன் பாக்ஸில் கரிந்த எஞ்சின்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் வெளியே வரத்தான் போகிறது. இரவல் வாங்கிய குட்டி மாடல் ரயில் எஞ்சின் ஒன்றை என் டிஜிட்டல் தண்டவாளத்தில் வைத்தேன். அது நகரவில்லை, கொசு மாதிரி ரீங்கரித்தது. சூடேறிக் கிளம்பும்போல என்று நினைத்து காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் எஞ்சின் கூரையிலிருந்து புகை. 'அடடா, என்ன தத்ரூபம்!' என்று முழுதாக ஒரு நொடி பூரித்துப்போனேன்.

எஞ்சின் என் மச்சினன் சரவணனுடையது. நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறான். "பத்து வருஷமா ஒரு தடவைகூட மக்கர் பண்ணுனதில்ல மச்சான், பத்திரம்" என்று சொல்லித்தான் கொடுத்தான். எஞ்சின் வந்த அட்டைப்பெட்டியில் டிஜிட்டல் என்று போட்டிருந்தது. நான் பெட்டியை நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போக வருகிறான். அதற்குள் அச்சு அசலாக அதே பச்சை எஞ்சின் கிடைக்காவிட்டால், இருபது வருடமாக அவனுக்கு நான் நடத்திவந்த அறிவுரை வகுப்புகள் அத்தனையும் அந்தப் புகையோடு போகும்.

வியாழன் காலை 5.40க்குத் திருச்சியில் மதுரை பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்று முப்பது. மடியில் டிபன் பாக்ஸ், அதற்குள் துணி சுற்றிய எஞ்சின். துவரங்குறிச்சி தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன சார், தோசை தீஞ்சிருச்சா?"

"ஆமாங்க, வீட்டுல அவசரம்" என்றேன். செய்தது நான், பழி மனைவிக்கு.

கொட்டாம்பட்டியில் வெயில் ஏறியது. மொட்டைப் பாறைகளுக்கு இடையில் எப்படித்தான் இவ்வளவு பச்சை பிடித்து வைத்திருக்கிறார்களோ! ஒரு பம்புசெட்டைத் தாண்டினால் கண்ணுக்கெட்டும் தூரத்தில் அடுத்ததும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

8.45க்கு மாட்டுத்தாவணி. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஐந்து கிலோமீட்டர் போல, சிம்மக்கல். மூட்டை இறக்குபவர்களிடம் இரண்டு முறை திட்டு வாங்கி, ஒரு சந்துக்குள் ரஹ்மத் அக்காவின் கடையைக் கண்டுபிடித்தேன். மோட்டார் காயில் கட்டும் கடை. கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் ஊர் ஊராக வாங்கிவந்த பழைய குட்டி ரயில் எஞ்சின்கள் அங்கே விற்பனைக்கு உண்டு என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். போனில் கேட்டபோது அக்கா அதே பச்சையில் இரண்டு இருப்பதாகச் சொன்னார்.

கடை வாசலில் பம்புசெட் மோட்டாரோடு உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், பெரியகருப்பன், காத்திருந்தார். நான் டிபன் பாக்ஸைத் திறந்ததும் எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டூண்டு எஞ்சினுக்கா திருச்சியிலருந்து வாரீக?"

பச்சை இரண்டும் மேசைக்கு வந்தன. ஒன்றின் பெட்டியில் டிஜிட்டல் என்று கொட்டை எழுத்து. "இதையே குடுங்கக்கா" என்றேன்.

"பெட்டி ஓடாதுண்ணே. எஞ்சின்தான் ஓடும்" என்றார் அக்கா. பழைய எஞ்சின் நாலு கை மாறும்போது பெட்டியும் மாறிவிடுமாம்.

பலகையில் திருகிய இரண்டடித் தண்டவாளம். பழைய சாதாரணக் கன்ட்ரோலர். குமிழை ஒரு மயிரிழை திருப்பினார். கொட்டை எழுத்து எஞ்சின் எறும்பாக ஊர்ந்தது.

"ஆஹா!" என்றேன்.

"என்ன ஆஹா? தொட்டதும் ஓடுது, உள்ள டீகோடர் இல்ல. கன்ட்ரோலர் சொல்றதைக் கேட்டு மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுற சில்லு அதுதான்." மீட்டரின் ஒரு முனையைச் சக்கரத்திலும் மறுமுனையை மோட்டாரிலும் வைத்தார். பீப். "சக்கரத்துலருந்து மோட்டாருக்குக் கரண்ட் நேராப் போகுது. எந்நேரமும் முழுக் கரண்ட் ஓடுற உங்க டிஜிட்டல் தண்டவாளத்துல இதை வச்சா எரியாம என்ன செய்யும்?"

நான் டிபன் பாக்ஸைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

இரண்டாவது எஞ்சின் குமிழ் பாதி வந்தும் அசையவில்லை. "செத்துப்போச்சு" என்றேன். "பொண்ணு வீட்டுல முறுக்கிக்கிட்ட மாப்ள கணக்கா நிக்கிது" என்றார் பெரியகருப்பன். அக்கா இன்னும் கொஞ்சம் திருப்பினார். வெடுக்கென்று கிளம்பி ஓடியது.

"டீகோடர் இருந்தா அது முழிக்கவே கொஞ்சம் கரண்ட் வேணும். ஆனா இதை மட்டும் நம்பக் கூடாது, அழுக்கேறுன எஞ்சினும் இப்படித்தான் நிக்கும்." அடியில் ஒரு திருகைக் கழற்றி மேல்கூட்டைத் தூக்கினார். தபால்தலை அளவில் ஒரு சர்க்யூட் பலகை, அதுதான் டீகோடர், அதிலிருந்து எட்டுக் கால் பிளக். நான் கொண்டுபோயிருந்த டிஜிட்டல் கன்ட்ரோலரை மாட்டச் சொன்னார். "மூணாம் நம்பர்ல கூப்பிடுங்க. கம்பெனி வைக்கிற நம்பர் அது, யாரும் மாத்தலைன்னா அதான் பேரு." கூப்பிட்டேன். விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. எனக்குக் கை தட்டவே தோன்றியது. நாலு நிமிடத்தில், எஞ்சினின் ஜாதகத்தையே வாசித்துவிட்டார்.

விலை நாலாயிரத்து எண்ணூறு. மச்சினனை ஏமாற்ற அது மலிவு.

"கொண்டாந்ததையும் காட்டுங்க, உதிரிக்காவது ஆகும்" என்று கரிந்ததைப் பிரித்தார். மோட்டாரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தவர், சிரித்துவிட்டார். கருகிய காயில் ஓரத்தில் பாதி எரிந்த பச்சை நூல் முடிச்சு.

"இது என் கை வேலையாச்சே! நான் கட்டுற காயிலுக்கெல்லாம் கடைசி முடிச்சு பச்சை நூல்லதான் இருக்கும். கோளாறா திரும்பி வந்தா யார் வேலைன்னு சண்டை வரக்கூடாதுல்ல?"

பெரியகருப்பன் பதறி, "அப்ப போன தடவை எனக்கும் அந்த நூல்தானா?" என்று தன் மோட்டாருக்குள் குனிந்தார்.

அக்கா தொடர்ந்தார்: "போன சித்திரையில ஒரு தம்பி கொண்டாந்துச்சு. நாகமலை புதுக்கோட்டை. பெட்டியை நம்பி டிஜிட்டல்ல வச்சு எரிச்சிருச்சு. இனிமே வைக்காதப்பான்னு சொல்லி, இந்தப் பச்சை நூலையும் காட்டித்தான் கட்டிக் குடுத்தேன். 'எங்க மச்சானுக்கு மட்டும் தெரியக் கூடாதுக்கா, வகுப்பு எடுப்பாரு'ன்னு ஒரே கெஞ்சல்."

"அந்த மச்சான்…" என்று இழுத்தேன்.

பெரியகருப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வகுப்பு எடுக்கிற மூஞ்சிதான்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டிஜிட்டலில் வைக்காதே என்று சரவணன் என்னிடம் சொல்லியிருந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருப்பேன். அதற்குப் பயந்து, எஞ்சின் போனாலும் போகட்டும் என்று வாயை மூடியிருக்கிறான். என் வகுப்புகளின் பலன்.

கரிந்ததை மறுபடி கட்டச் சொல்லி விட்டுவிட்டு, கூலி முந்நூற்றைம்பது, டீகோடர் எஞ்சினை எனக்கென்றே வாங்கிக்கொண்டு கிளம்பினேன். "வாரேன்க்கா" என்றதற்கு, "அடுத்ததை எரிக்காம வாங்க" என்றார்.

2.15க்குத் திருச்சி பஸ். என் ஊரில் சந்தேகம் கேட்டால் பெட்டியைத் திருப்பிக் காட்டுவார்கள். சிம்மக்கல்லில் எஞ்சினையே திறந்து காட்டுகிறார்கள். நானும் அந்தப் பெட்டி மாதிரிதான் இருந்திருக்கிறேன், வெளியே கொட்டை எழுத்து.

மேலூர் தாண்டும்போது சரவணனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "மாப்ள, சிம்மக்கல்லுல பச்சை நூலைப் பார்த்தேன்."

கொட்டாம்பட்டியில் பதில் வந்தது.

"நீங்களும் எரிச்சாச்சா மச்சான்?"