இரும்புத் தொட்டியும் என் கையெழுத்தும்

எண்பத்திரண்டாம் வருஷம் சூடான் தேசத்தில், ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, என் மனைவி எஸ்தர் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் அழுதவன் நான். அந்தக் கண்ணீருக்குக் கர்த்தர் என்ன செய்தார் என்று சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஆம்பூர் தோல் ஷாப்பில் பதினாலு வருஷம் தோல் பதனிட்டவன் நான். சூடானில் புதிதாகத் தோல் ஷாப் போடுகிறார்கள், வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்றதும் ஓடினேன். வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்தவர்களிடம், "இந்த நாட்ல இன்னா இருக்குது? இனிமே திரும்பிப் பாக்க மாட்டேன்" என்று பெருமையடித்தேன். வாய்க்கொழுப்பு. போன மூணாம் மாசமே, ரேடியோவில் குடியரசு தின அணிவகுப்பைக் கேட்டு விம்மி விம்மி அழுதேன். ஊரில் அந்த நாளில் மத்தியானம் வரைக்கும் தூங்கியவன் நான்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து எஸ்தர் கர்ப்பமாகியிருந்தாள். நான் புறப்பட்ட பிறகுதான் தெரிந்தது. ஏழாம் மாசம் ஒரு கடிதம் வந்தது. கால் வீங்குகிறது, ரத்தக் கொதிப்பு ஜாஸ்தி, டாக்டரம்மா பயப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தாள். "நீங்க கிட்ட இருந்தா தைரியமா இருக்கும்." அந்தக் கடிதம் வந்து சேரவே இருபது நாள் ஆனது. அதற்குப் பிறகு கடிதமே இல்லை. என் பாஸ்போர்ட் மேனேஜரின் பீரோவில் இருந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது, அதற்குள் தர முடியாது என்றார்.

அந்தச் சமயத்தில் ஷாப்பில் தோல்கள் கெட்டுப்போயின. நாங்கள் கடுக்காயில் பதனிட்டுக்கொண்டிருந்தோம். ஆலங்காயம் காட்டுக் கடுக்காய். ஆம்பூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் மண்டி வைத்திருந்த பாய்தான் அனுப்பியவர். மரத்தொட்டி ஒழுகுகிறதென்று மேனேஜர் இரும்புத் தொட்டி வாங்கி வைத்தார். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்டால் மை மாதிரி கறுத்துவிடும். ஆம்பூரில் இதைத் தெரியாதவர்கள் கம்மி. "சார், வேணாம்" என்று ஒரு தடவை சொன்னேன். அவர் கேட்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். என் மனசு எஸ்தரிடம் இருந்தது. தோல் பூராவும் கறுப்புத் திட்டுத் திட்டாக வந்தது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் என் பாஸ்போர்ட். பக்கத்தில் ஒரு காகிதம். இந்தியாவிலிருந்து வந்த கடுக்காயில் கலப்படம், அதனால்தான் தோல் கெட்டது என்று அதில் எழுதியிருந்தது. "நீ அந்த ஊர்க்காரன். நீ சொன்னால் முதலாளி நம்புவார். கையெழுத்துப் போடு, சனிக்கிழமை ஊருக்குப் போ" என்றார்.

போட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. இந்தியக் கிறிஸ்தவர்கள் நாலு பேர் ஒரு அறையில் கூடி ஜெபிப்போம். அந்த வாரம் தேசத்துக்காக ஜெபிக்கும் முறை என்னுடையது. "கர்த்தாவே, எங்கள் இந்தியாவை" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. சொந்த ஊர்ச் சரக்கைக் கலப்படம் என்று பொய் சொல்லிவிட்டு, ஒரு நல்ல மனுஷனைத் திருடனாக்கிவிட்டு, எந்த வாயால் ஆசீர்வதியும் என்று கேட்பேன்? வெட்கத்தில் உடம்பு கூசியது.

சனிக்கிழமை காலை பெட்டியோடு போகவேண்டியவன் வெறுங்கையோடு போனேன். "சார், அது பொய். அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுங்க." மேனேஜர் சிரித்தார். காகிதத்தையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்தே பீரோவில் வைத்துப் பூட்டினார். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று என்னையே திட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு மூணு வாரம். கடிதம் இல்லை. சோறு இறங்கவில்லை. "ஆண்டவரே, முதலாளி பாஷை எனக்குத் தெரியாது. நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. என்னால ஒண்ணும் ஆகாது. நீர் பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு ஜெபம் வரவில்லை.

நாலாம் வாரம் முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கறுத்த தோல்களைப் புரட்டிப் பார்த்தார். மேனேஜர் நீட்டிய காகிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிடச் சொன்னார். அப்போது மனசில் ஒன்று தோன்றியது. அது என் புத்தி இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். டீ குடிக்கிற கண்ணாடி டம்ளர் ரெண்டு எடுத்தேன். ரெண்டிலும் தண்ணீர் ஊற்றிக் கடுக்காய்த் தூளைப் போட்டேன். ஒன்றில் மட்டும் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டேன். முதலாளி தொழுகைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆணி போட்ட டம்ளர் கறுத்துவிட்டது. மற்றது மஞ்சளாகவே இருந்தது. அவர் டம்ளரைப் பார்த்தார். இரும்புத் தொட்டியைப் பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். அந்தக் காகிதத்தைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டார். சாயங்காலம் என் பாஸ்போர்ட் என் கைக்கு வந்தது.

ஆம்பூரில் வீடு பூட்டியிருந்தது. தெருவில் விசாரித்துக்கொண்டு, பிரசவத்துக்கு நாலு நாள் முன்பு வேலூர் ஆஸ்பத்திரிப் படியேறினேன். எஸ்தர் என்னைப் பார்த்து முதலில் அழுதாள், அப்புறம் திட்டினாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" பிறகு சொன்னாள்: "வீட்ல மயங்கி விழுந்துட்டேன். மண்டி பாய்தான் அவரு வேன்ல தூக்கிப்போட்டு இங்க கூட்டினு வந்தாரு. இல்லன்னா நான் இல்ல."

எப்போது என்று கேட்டேன். நான் கையெழுத்துப் போட்ட அதே வாரம்.

பெண் குழந்தை பிறந்தது. மூணாம் நாள் மண்டிக்குப் போய்ப் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்துப் போட்டது உட்பட. தலை நிமிர முடியவில்லை. அவர் ஒரு மூட்டையைக் காட்டி உட்காரச் சொன்னார். "பேஜார்ல இருக்குற மனுஷன் இன்னா பண்ணுவான் தம்பி? அத வுடு. பொண்ணா புள்ளையா, அதச் சொல்லு" என்றார். மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகும் வெளிநாட்டு வேலை ரெண்டு தடவை வந்தது. போகவில்லை. சபையில் தேசத்துக்காக ஜெபிக்கச் சொன்னால், முதலில் அந்தப் பாய் வீட்டாருக்காகத்தான் ஜெபிக்கிறேன்.

வழியில்லாமல் தவித்து, ஒரு பொய்க்குத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் உங்களில் யாராவது இருக்கலாம். இன்றைக்கே போய் அதைத் திருப்பிக் கேளுங்கள். சிரிப்பார்கள். இருப்பதும் போகும். எனக்கும் அப்படித்தான் போனது. ஆனாலும் போங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிட மாட்டார்.